சேலத்தின் 78 பாகை: தீர்க்கக்கோட்டை அளப்பதும் தவறில்லாமல் எழுதுவதும்

சென்னைக்குக் கணித்த உச்சிவேளையை வைத்துக்கொண்டு சேலத்தில் மொட்டை மாடி ஏறினால், சூரியன் உச்சிக்கு வர இன்னும் எட்டரை நிமிடம் ஆகும். சென்னை 80.27° கிழக்கு, சேலம் 78.15° கிழக்கு. இடைவெளி 2.12 பாகை. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் எடுக்கிறது, கணக்கு அவ்வளவுதான். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் ஊருக்கு ஊர் செய்யும் இந்தத் திருத்தத்தைத் தேசாந்தரம் என்பார்கள். ஓர் ஊர் எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் தீர்க்கக்கோட்டின் (தீர்க்கரேகையின்) உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. வரைபடத்தில் அது தூரம் போலத் தெரியும், அளக்கப் போனால் நேரம்தான்.

முதலில் அளவைகள். 24 மணி நேரத்தில் 360 பாகை, ஒரு மணிக்கு 15 பாகை. பாகையை அறுபதாகப் பிரித்தால் கலை, கலையை அறுபதாகப் பிரித்தால் விகலை. பலர் இவற்றையும் நிமிடம், வினாடி என்றே எழுதுகிறார்கள். நேரமும் கோணமும் ஒரே தாளில் வரும் இந்த வேலையில் அப்படி எழுதினால் கட்டாயம் குழம்பும், அதனால் இங்கே கோணத்துக்குக் கலை, விகலை. நேரத்துக்கு நிமிடம், வினாடி. நேரத்தில் 4 வினாடி என்பது கோணத்தில் 1 கலை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே 6 பாகை. இந்த 6 பாகை கீழே வேறொரு இடத்தில் திரும்ப வரும்.

சேலத்தின் அட்சக்கோட்டில், அதாவது வடக்கு 11.65° அளவில், தீர்க்கக்கோட்டின் ஒரு பாகை தரையில் சுமார் 109 கி.மீ. ஒரு கலை 1.8 கி.மீ., ஒரு விகலை 30 மீட்டர். நேரத்தில் ஒரு வினாடி தவறினால் தரையில் 450 மீட்டர் தவறும், ஒரு நிமிடம் தவறினால் 27 கி.மீ. இந்த ஐந்து எண்களையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த அளவு நம்பத்தக்கது, எது இல்லை என்பதை இவைதான் சொல்லும்.

மொட்டை மாடியில் சேலத்தின் தீர்க்கக்கோடு

போனைத் தொட்டால் எண் வந்துவிடுகிறதே, வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு முறை கையால் அளந்தவருக்குத்தான் அந்த எண்ணில் எந்த இலக்கம் உறுதியானது, எந்த இலக்கம் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது என்று தெரியும். மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். சூரியன் கடிகாரத்தைப் போல ஒரே சீராக ஓடுவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரிய நேரம் கடிகார நேரத்தைவிட நவம்பர் 3 வாக்கில் சுமார் 16 நிமிடம் 25 வினாடி முந்தும், பிப்ரவரி 11 வாக்கில் சுமார் 14 நிமிடம் 14 வினாடி பிந்தும். இந்த வித்தியாசத்துக்குக் காலச் சமன்பாடு என்று பெயர். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி அது சுழியம். சுழியமாக இருக்கும் நாள்தான் வசதி என்று தோன்றும். ஆனால் டிசம்பர் கடைசியில் அது நாளுக்கு அரை நிமிடம் வீதம் ஓடுகிறது, ஒரு நாள் தள்ளிப் படித்துவிட்டால் 13 கி.மீ. போச்சு. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அது அநேகமாக அசையாமல் நிற்கும். சேலத்தில் அப்போது மழை இல்லை, வானமும் தெளிவு. நவம்பர் முதல் வாரமும் கணக்குக்கு நல்லதுதான், ஆனால் வடகிழக்குப் பருவமழை இடம் கொடுக்காது.

வேண்டிய பொருட்கள்: சரியாக 1 மீட்டர் உயரத்தில் படுக்கையாக நிறுத்தக்கூடிய ஒரு சிறு தகடு, அதன் நடுவில் 3 மி.மீ. துளை; தூக்குக்குண்டு; ரசமட்டம்; கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்; அரை மீட்டர் சதுரத்தில் இரண்டு ப்ளைவுட் பலகைகள், அவற்றின் மேல் ஒட்ட வெள்ளைத் தாள்; நீளாத நூல்; வினாடி காட்டும் கடிகாரம். போனில் தானியங்கி நேரம் இயங்குகிறதா என்று பாருங்கள், நேரத்தைக் கையால் மாற்றிய போன் வேண்டாம்.

வெறும் குச்சியின் நிழலை நம்பாமல் துளையை வைப்பதற்குக் காரணம் உண்டு. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. எனவே 1 மீட்டர் தூரத்திலேயே குச்சி நுனியின் நிழல் 9 மி.மீ. அகலத்துக்குக் கலங்கிக் கரையும். எது நுனி என்று இருவரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். துளை வழியாக வரும் ஒளியோ நிழலுக்குள் ஒரு முட்டை வடிவப் பொட்டாக விழும். அது சூரியனின் பிம்பம். அதற்கு முன்விளிம்பும் பின்விளிம்பும் உண்டு, நடுவும் உண்டு.

உச்சியில் நிழல் மிகக் குறுகும் கணத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். பாடப்புத்தகங்கள் சொல்லும் வழி அதுதான், ஆனால் கடிகார நேரம் கிடைக்காது. டிசம்பர் கடைசியில் சேலத்தில் 1 மீட்டர் குச்சியின் நிழல், உச்சிக்கு முந்தைய 10 நிமிடத்தில் 2 மி.மீ. சொச்சம்தான் சுருங்கும். 9 மி.மீ. கலக்கத்துக்குள் 2 மி.மீ. மாற்றத்தை எந்தக் கண்ணும் காணாது. சங்கு எனும் நிழல் குச்சியை நாட்டித் திசை காணும் பழைய ஸ்தபதிகள் இதை அறிந்துதான் காலையில் ஒரு குறி, மாலையில் ஒரு குறி என்று வைத்தார்கள். நாமும் அதையே செய்கிறோம், கூடவே நேரத்தையும் எழுதுகிறோம்.

செய்முறை இது. தகட்டின் துளைக்கு நேர்கீழே தூக்குக்குண்டு தொடும் இடத்தில் ஆணி அடித்துக் குறியுங்கள், அதுதான் அடிப்புள்ளி. துளையின் 1 மீட்டர் உயரம் இந்தப் புள்ளியிலிருந்து. பிப்ரவரி வெயிலுக்கு ஒரு பலகை அடிப்புள்ளிக்கு வடமேற்கிலும் இன்னொன்று வடகிழக்கிலும், சுமார் ஒரு மீட்டர் தள்ளி. இரண்டு பலகைகளின் மேல்மட்டமும் அடிப்புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்கத் தண்ணீர் டியூபால் சரிபாருங்கள். பிறகு அடிப்புள்ளியிலிருந்து நூலைப் பிடித்து, இரண்டு தாள்களிலும் 95 செ.மீ., 90 செ.மீ., 85 செ.மீ. ஆரங்களில் வில் வரையுங்கள்.

காலை பத்து மணி வாக்கில் ஒளிப்பொட்டு வெளியிலிருந்து உள்நோக்கி முதல் வில்லை நெருங்கும். குனிந்து பாருங்கள். பொட்டின் விளிம்பு லேசாக நடுங்கிக்கொண்டே நகரும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 மி.மீ. முன்விளிம்பு கோட்டைத் தொட்ட நேரத்தை எழுதுங்கள். இரண்டரை, மூன்று நிமிடம் கழித்துப் பின்விளிம்பு கோட்டை விட்டு அகலும், அதையும் எழுதுங்கள். இரண்டின் சராசரிதான் நடு. அடுத்த வில், அதற்கடுத்த வில் என்று தொடருங்கள். பிற்பகலில் கிழக்குப் பலகையில் இதே வேலை தலைகீழாக நடக்கும்: 85, பிறகு 90, பிறகு 95. இடையில் யாரும் எதையும் தொடக்கூடாது. துணி காயப்போட வருபவர்களிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. பிப்ரவரி 11 அன்று 95 செ.மீ. வில்லைப் பொட்டின் நடு காலை 10:09:12-க்கும் பிற்பகல் 2:54:24-க்கும் கடந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் நடு 12:31:48. இந்த ஐந்து மணி நேரத்துக்குள் சூரியன் சற்று வடக்கே நகர்ந்திருக்கும், அதனால் பிற்பகல் குறி கொஞ்சம் தாமதமாகிறது. பிப்ரவரியில் சேலத்துக்கு இந்தத் திருத்தம் 5 வினாடி. கழித்தால் 12:31:43. சூரியன் பிந்தும் 14 நிமிடம் 14 வினாடியைக் கழித்தால் 12:17:29. இந்திய நேரம் 82.5° கிழக்குக் கோட்டுக்கு உரியது, அங்கே சராசரிச் சூரியன், அதாவது கடிகாரம் போலச் சீராக ஓடுவதாகக் கொள்ளும் சூரியன், 12:00:00-க்கு உச்சியில் இருந்தது. நமக்கு 17 நிமிடம் 29 வினாடி பிந்தி வந்திருக்கிறது. 1,049 வினாடியை 240-ஆல் வகுத்தால் 4.37 பாகை. 82.50-இலிருந்து கழித்தால் 78.13° கிழக்கு. மாடி உண்மையில் 78.15°-இல் இருந்தால் பிழை சுமார் 2 கி.மீ.

இந்த 2 கி.மீ. எவ்வளவு நல்ல முடிவு என்று அறிய ஒரு பழைய கதையைத் தொட வேண்டும். 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடலில் தீர்க்கக்கோடு காணும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. கேட்ட துல்லியம் அரைப் பாகை, அதாவது நேரத்தில் 2 நிமிடம். ஆடும் கப்பலில், ஆறு வார காலப் பயணத்தில், நாளுக்கு 3 வினாடிக்கு மேல் தவறாத கடிகாரம் அதற்கு வேண்டும். ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761-62-இல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது தவறியது ஏறத்தாழ 5 வினாடிதான். உங்கள் ப்ளைவுட் பலகை அரைப் பாகை இலக்கை எளிதில் தாண்டுகிறது என்றால், ஹாரிசன் உயிரைக் கொடுத்துச் செய்த கடிகார வேலையைச் சட்டைப்பையில் உள்ள போன் சத்தமில்லாமல் செய்கிறது என்பதால்தான்.

எங்கே கெடும்? பெரும்பாலும் தளத்தின் சரிவில். மழைநீர் வடிய மொட்டை மாடித் தளத்தை நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது சரித்துத்தான் பூசுவார்கள். அந்தச் சரிவு கிழக்கு மேற்காக அமைந்து, நீங்கள் மட்டம் பார்க்காமல் தளத்திலேயே வில் வரைந்தால், உங்கள் உச்சி அரைப் பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். விடை 60 கி.மீ. தள்ளி வரும். தகடு சாய்ந்தாலும் தூக்குக்குண்டு காற்றில் ஆடினாலும் இதே தொல்லை. தூக்குக்குண்டு எங்கே தொங்குகிறதோ அதுதான் உங்கள் செங்குத்து, அதுதான் உங்கள் தீர்க்கக்கோடு. இது மாடியோடு நிற்கும் பிரச்சினை இல்லை. 1884-இல் வாஷிங்டன் மாநாடு சுழியக் கோடாக ஏற்ற கிரீனிச் கோட்டில் இன்று ஜி.பி.எஸ். கருவியைப் பிடித்தால் சுழியம் காட்டாது. இன்றைய சுழியக் கோடு சுமார் 102 மீட்டர் கிழக்கே போகிறது. அந்தக் காலத் தொலைநோக்கி உள்ளூர்ச் செங்குத்தை நம்பியது. செயற்கைக்கோளின் கணக்கு பூமியின் மையத்தை நம்புகிறது. இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதே வேலையில் உண்மையான வடக்கும் கிடைத்துவிடும். காலைக் குறிக்கும் மாலைக் குறிக்கும் நடுவை அடிப்புள்ளியோடு சேர்த்தால் அது வடக்கு தெற்கு. சேலத்துக்காரர்களுக்கு இது வெறும் உபரி இல்லை. கஞ்சமலையில் மேக்னடைட் இரும்புத்தாது கிடக்கிறது. அதன் பாறைகள் அருகே காந்த ஊசி இஷ்டத்துக்குத் திரும்பும், இரண்டடி தள்ளி நின்றால் வேறு திசை காட்டும். அங்கே கள வேலைக்குப் போகும் நிலவியல் மாணவர்கள் சூரியனை வைத்துத் திசை பிடிக்கக் கற்றிருக்க வேண்டும். ஏப்ரல் 20, 21 முதல் ஆகஸ்ட் 22, 23 வரை சேலத்தில் உச்சி நிழல் தெற்கே விழும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த இரு முனைகளில்தான் நிழலில்லா நாட்கள். ஏப்ரல் 20 அன்று மதியம் 12:16 அளவில் செங்குத்துக் குழாயின் நிழல் அடிக்குள் ஒடுங்கும்.

சேர்வராயன் மலையில் இதைச் செய்யலாமா? செய்யலாம், உச்சிவெயில் முறை மட்டும். சூரிய உதயத்தையோ அஸ்தமனத்தையோ வைத்து நேரம் பிடிக்க வேண்டாம். மலையில் தொடுவானம் மட்டமாக இல்லை, லேடீஸ் சீட்டிலிருந்து கீழ்நோக்கிய தொடுவானமும் பகோடா பாயிண்ட் பக்கத்துத் தொடுவானமும் வேறுவேறு. ஏற்காடு 78.21° கிழக்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலும் நேரத்தில் கிடைப்பது 14 வினாடிதான், அவ்வளவு முன்னதாக அங்கே உச்சி வரும். சேலத்தில் ஒரு குழுவும் ஏற்காட்டில் ஒரு குழுவும் ஒரே நாளில் அளந்து இந்த 14 வினாடியைக் காண முயலலாம். ஒரே வில்லில் வராது, மூன்று வில்களின் சராசரியில் பொறுமையாகச் செய்தால் எட்டிப்பிடிக்கலாம்.

போன் சொல்லும் எண்

செயற்கைக்கோள் முறையும் நேரத்தைத்தான் அளக்கிறது, ஆனால் சூரியனைப் பார்த்தல்ல. கோள் அனுப்பிய சைகை வந்துசேர ஆன நேரத்தை. ஒரு மைக்ரோ வினாடி தவறினால் 300 மீட்டர். இடம் காட்டும் நமது செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் கோள்களுக்கும் இடம் குறித்தது தீர்க்கக்கோடுகளை வைத்துத்தான்: புவிநிலைக் கோள்களுக்கு 32.5°, 83°, 129.5° கிழக்கு, எட்டு வடிவில் சுற்றுபவற்றுக்கு 55°, 111.75°.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களின் அடியில் நின்று போனில் ஒரு கணம் பார்த்து எழுதிய எண்ணை நம்பாதீர்கள். இலைக்கூட்டமும் ஈரமும் சைகையைத் தின்னும், பாறைச்சுவர் அதைத் திருப்பி அனுப்பும். துல்லியம் 5 மீட்டர் என்று திரையில் வந்தாலும் உண்மை 15 மீட்டர் தள்ளி இருக்கலாம். வானம் திறந்த இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே நின்று எடுத்து, திசையையும் தூரத்தையும் அளந்து சேருங்கள். இல்லையென்றால் ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி எடுங்கள். பனிமூட்டத்தால் சைகைக்குக் கேடு ஒன்றுமில்லை, உங்கள் கண்ணுக்குத்தான்.

எத்தனை இலக்கம் எழுதுவது? தசமத்துக்குப் பின் நான்காவது இலக்கம் சேலத்தில் 11 மீட்டர், ஐந்தாவது 1 மீட்டர், ஆறாவது 11 செ.மீ. போன் எண்ணுக்கு ஐந்து போதும். எட்டு இலக்கம் எழுதுபவர் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்ததாகச் சத்தியம் செய்கிறார்.

எழுதும்போது விழும் குழிகள்

அளவில் வரும் பிழையைவிட எழுதுவதில் வரும் பிழைதான் அதிகம், பெரிதும் கூட. ஏற்காடு 11°46′ வடக்கு, 78°12′ கிழக்கு. இதை 11.46, 78.12 என்று எக்செல் தாளில் தட்டினால், மலையை விட்டு இறங்கி 34 கி.மீ. தெற்கே, இராசிபுரம் பக்கத்து வயலில் நிற்பீர்கள். கலையை 60-ஆல் வகுத்துப் பாகையோடு சேர்க்க வேண்டும்: 12 ÷ 60 = 0.20, எனவே 78.20. உங்கள் பட்டியலில் தசமத்துக்குப் பின்னுள்ள முதல் இரண்டு இலக்கங்கள் எங்கேயுமே 60-ஐத் தாண்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். யாரோ கலையைத் தசமமாக எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, இடம் மாறுவது. சில மென்பொருள்கள் அட்சத்தை முதலில் கேட்கும், சில தீர்க்கத்தை முதலில் கேட்கும். கிடைமட்ட அச்சு எக்ஸ், செங்குத்து அச்சு ஒய் என்று பழகிய மென்பொருளுக்குத் தீர்க்கக்கோடுதான் முதலில். சேலத்தை மாற்றிப் போட்டால் 78.15° வடக்கு, 11.65° கிழக்கு: ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடல். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் நி-ஆலசுண்ட் அங்கிருந்து இன்னும் 85 கி.மீ. வடக்கேதான். வரைபடத்தில் உங்கள் சேலம் கிணறுகள் பனிக்கடலில் மிதந்தால் காரணம் இதுவே. கிழக்கு நேர்க்குறி, மேற்கு எதிர்க்குறி என்பதை மறந்து −78.15 போட்டால் கரீபியன் கடல்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் மோசம். பழைய நில அளவைத் துறை வரைபடங்கள் எவரெஸ்ட் கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு பழைய கணக்கு மாதிரியை, அடிப்படையாகக் கொண்டவை. 1802-இல் சென்னையில் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, 78-ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டித்தான் வடக்கே வளர்ந்தது. சேலத்துக்காரர்கள் இந்த உறவை அறிந்து வைத்திருக்க வேண்டும். போன் காட்டுவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கோளத்தில். போன் எண்ணை அப்படியே சேலத்துக்கான 58 ஐ/2 தாளிலோ ஏற்காட்டுக்கான 58 ஐ/1 தாளிலோ புள்ளியாக வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஓடையின் இக்கரையில் எடுத்த மாதிரி அக்கரைக்குப் போய்விடும். தாளின் ஓரக் குறிப்பில் எந்தக் கோளம் என்று படித்துவிட்டு மாற்றுங்கள். எண்ணோடு கோளத்தின் பெயரை எழுதாமல் விட்ட பதிவை அடுத்தவர் யாரும் திருத்த முடியாது.

சேலம் மாவட்டத்தை இரண்டாக வெட்டும் கோடு

78° கிழக்குக் கோடு தாரமங்கலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவில் போகிறது, சேலம் நகரிலிருந்து 16 கி.மீ. மேற்கே. சாலையில் எந்தப் பலகையும் இல்லை. ஆனால் ஜி.ஐ.எஸ்., அதாவது கணினி வரைபட வேலை செய்பவருக்கு அது ஒரு மதில். பாகையில் தூரமும் பரப்பும் அளக்க வராது, மீட்டரில் வேண்டும் என்பதற்காக யூ.டி.எம். முறை உலகத்தை 6 பாகை அகல மண்டலங்களாக வெட்டுகிறது. ஒரு மண்டலம் சரியாக ஒரு நாழிகை. 72° முதல் 78° வரை 43-ஆம் மண்டலம், 78° முதல் 84° வரை 44. ஆக மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, தாரமங்கலம் 43-இல். ஓமலூர், சேலம், ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர் 44-இல்.

மண்டலம் காணும் வழி: தீர்க்கக்கோட்டோடு 180 கூட்டி 6-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டி 1 கூட்டுங்கள். சேலத்துக்கு 258.15 ÷ 6 = 43.03; 43 + 1 = 44. மேட்டூருக்கு 257.80 ÷ 6 = 42.97; 42 + 1 = 43.

என்ன கெடும்? சேலம் நகரின் கிழக்குத் தூரம் (மண்டலத்துக்கென வைத்த தொடக்கத்திலிருந்து கிழக்கே எண்ணும் மீட்டர்) 44-ஆம் மண்டலத்தில் சுமார் 1,89,000 மீட்டர். அதே புள்ளி 43-ஆம் மண்டலத்தில் சுமார் 8,43,500 மீட்டர். இரண்டு குழுக்கள் தனித்தனியே சேகரித்த ஏரிப் பட்டியல்களை மண்டலம் பார்க்காமல் ஒட்டினால், மாவட்டத்தின் மேற்குப் பாதி 654 கி.மீ. தள்ளிப் போய்விடும். ஜி.பி.எஸ். கருவியை மீட்டர் காட்டும்படி வைத்துக்கொண்டு தாரமங்கலத்திலிருந்து ஓமலூருக்கு நடந்தால், எண் ஒரே எட்டில் எட்டு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் சொச்சத்துக்குக் குதிக்கும். கருவி கெடவில்லை. கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள்.

மாவட்டம் முழுவதற்குமான வேலைக்கு எங்கள் பரிந்துரை: களத்தில் தசமப் பாகையிலேயே சேகரியுங்கள். பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே முறையாக 44 வடக்குக்கு, அதாவது இ.பி.எஸ்.ஜி. 32644 என்ற குறியீட்டு எண்ணுக்கு மாற்றுங்கள். மண்டலத்தின் ஓரம் என்பதால் நீளம் சற்று இழுபடும், சேலத்தில் கிலோமீட்டருக்கு 0.8 மீட்டர், மேட்டூரில் ஒரு மீட்டர் சொச்சம். ஏரி, காடு, தோட்டம் அளக்க இது பொருட்டில்லை. கட்டுமான அளவைக்குப் பொருட்டுதான், அவர்கள் உள்ளூர்த் திருத்தம் போட வேண்டும்.

டிஷ், தொலைநோக்கி

மாடியில் டிஷ் பொருத்துபவர் ஒவ்வொரு நாளும் தீர்க்கக்கோட்டில்தான் வேலை செய்கிறார். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கோள் 93.5° கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிறது. சேலத்திலிருந்து வித்தியாசம் 15.35 பாகை. அதன் டேன்ஜெண்டை 11.65 பாகையின் சைனால் வகுத்து, வந்த எண்ணுக்குரிய கோணத்தை (53.7) 180-இலிருந்து கழித்தால் திசை: வடக்கிலிருந்து வலமாக 126 பாகை. தொடுவானத்திலிருந்து ஏற்றம் 67.5 பாகை. சென்னைக்கு இதே கோளின் திசை 134. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே மூன்று பாகைக்குள்தான் என்பதால், சென்னைக் கோணத்தைச் சேலத்தில் வைத்தால் சிக்னல் விளிம்பில் அல்லாடும் அல்லது வரவே வராது. இங்கே 126 என்பது உண்மை வடக்கிலிருந்து. காந்த ஊசி நம் பகுதியில் ஒன்றிரண்டு பாகை மேற்கே விலகும், இரும்புக் கைப்பிடிச் சுவர் பக்கத்தில் இன்னும் அதிகம்.

தொலைநோக்கிக்கும் இதே கதை. விண்மீனைத் தானே தேடும் தாங்கிக்கு இடமும் நேரமும் ஊட்ட வேண்டும். நேர வலயம் +5.5 என்று கேட்கும்போது, இடத்துக்கும் 82.5 என்று போட்டுவிடுபவர்கள் உண்டு. ஏற்காட்டில் அப்படிப் போட்டால் 4.29 பாகை, கிட்டத்தட்ட எட்டு முழுநிலவு அகலம் தள்ளி நோக்கும். நேர வலயக் கோடு வேறு, உங்கள் கோடு வேறு. வானியலாளர்கள் தீர்க்கக்கோட்டை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு வடக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் சாட்சி, அது 78.83° கிழக்கில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பொழுது விடிந்து, தென்னாப்பிரிக்காவில் இன்னும் இருட்டாத நேரத்தில், இடையிலிருந்து வானைப் பார்க்கும் கண் அது. சில மணி நேரத்தில் மாறிவிடும் விண்மீன் ஒளியை இடைவெளியில்லாமல் தொடர, இப்படித் தீர்க்கக்கோடு வாரியாகப் பரவிய கண்கள் வேண்டும்.

செடிக்கும் பாறைக்கும் எழுதும் சீட்டு

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மலையில் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்கள் பலர் ஆர்க்கிட், தவளை, பூஞ்சை என்று ஏதாவது ஒன்றைத் தேடுகிறார்கள். சேகரித்த மாதிரியோடு வைக்கும் பழைய சீட்டுகளில் ‘சேர்வராயன் மலை’ என்று மட்டும் இருக்கும். அத்தகைய பதிவுக்கு இடம் கொடுக்கும்போது மலையின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்தி ஐந்து இலக்கம் எழுதுவது பொய். நடுப்புள்ளியோடு, மலையின் விளிம்பு வரையிலான தூரத்தைப் பிழை ஆரமாக மீட்டரில் எழுதுங்கள். பின்னால் வருபவர் அந்தப் பதிவை மழையளவோடு ஒப்பிடலாமா கூடாதா என்று அவரே முடிவு செய்வார்.

புதிய பதிவுக்கு இப்படி ஒரு வரி போதும்: ‘11.7790 வடக்கு, 78.2090 கிழக்கு, டபிள்யூ.ஜி.எஸ். 84, பிழை ±15 மீ.; போன், 10 நிமிடச் சராசரி; மர நிழல்; நாள், இந்திய நேரம்.’ உயரத்தைத் தனியே எழுதுங்கள். சேர்வராயன் மலையில் இருநூறு மீட்டர் நடந்தாலே உயரம் எவ்வளவோ மாறிவிடும், செடியும் மாறிவிடும்.

அரிய ஆர்க்கிட் என்றால் முழு எண் உங்கள் குறிப்பேட்டிலும் காப்பகத்திலும் மட்டும் இருக்கட்டும். பொதுவில் வெளியிடும்போது ஒரே தசமத்தில் நிறுத்துங்கள், 11.8, 78.2 என்று. அது பத்து கி.மீ. சதுரம், கிழங்கோடு பெயர்த்து விற்பவருக்கு வழி காட்டாது. நிறுத்தியதைச் சீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இன்னொருவர் அதை உண்மை இடம் என்று எடுத்துக்கொண்டு காட்டில் அலைவார். படம் போடுகிறீர்கள் என்றால் போன் கேமராவின் இடப்பதிவை அணைத்துவிட்டுப் போடுங்கள். படத்துக்குள் ஆறு இலக்கத்தில் தீர்க்கக்கோடு உட்கார்ந்திருக்கும்.